முற்றத்திலே ஓர் அடுப்பு

இருள் பரவும் வேளையில் வீட்டு முற்றத்திலே தீ மூட்டி, அதனைச் சூழ்ந்திருந்து ஒடியற்கூழ் குடித்தலும் பனங்கிழங்கு சுட்டுத் தின்னுதலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் புதியன அல்ல. மின்விளக்கும் எரிவாயு அடுப்பும் வந்தபின்னர் அவ்வழக்கம் பல வீடுகளில் அருகிவிட்டது. 2022 ஆம் ஆண்டிலே எரிவாயுவுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் நம்மிற் பலர் மீண்டும் விறகைத் தேடினோம். நானும் அப்பொழுதுதான் எங்கள் வளவிலே ஒரு தீக்குழி அமைத்தேன். அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதைக் கூறுமுன், நான் எவ்வாறு அமைத்தேன் என்பதைக் கூறிவிடுதல் நன்று. ஏனெனில் நான் அமைத்தது பிழை.

கிணறு வெட்டிய காலத்துக் கற்கள் வளவின் மூலையிலே குவிந்து கிடந்தன. காசு கொடுத்துச் செங்கல் வாங்குவானேன் என்று எண்ணி, அக்கற்களையே வட்டமாக அடுக்கினேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. முதல்நாள் மழை பெய்திருந்தது. கற்களின் மேற்புறம் உலர்ந்திருந்தமையால் அதனை நான் பொருட்படுத்தவில்லை. திண்ணையில் இருந்த என் தாயார், "உதென்ன தம்பி, கல்லை வைச்சே அடுப்பு மூட்டுறாய்? உனக்குக் களிமண் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். படித்த மகனுக்கு அது பழைய வழக்கத்தின் குரலாகவே பட்டது. சிரித்துவிட்டுத் தீயை மூட்டினேன்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. ஒரு கல் பிளந்து, அதன் சில்லொன்று என் இளைய மகனின் புருவத்தைக் கீறிக்கொண்டு சென்றது. அரை அங்குலம் கீழே பட்டிருப்பின் அவன் கண் போயிருக்கும். தழும்பு இன்றும் இருக்கின்றது.

நான் கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவன். சுண்ணக்கல்லைச் சூடாக்கினால் நிகழ்வது யாது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன். அந்தச் சுண்ணக்கல்லே என் முற்றத்தில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றது என்பது மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாலாயது. காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டில் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இக்கல்லில் உண்டு. மழைநீர் அவற்றினுட் புகுந்து தங்கும். நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டி நிற்கும். வெளியேற வழியில்லாத ஆவி கல்லைப் பிளந்துகொண்டு வெளிவரும். முதற்கேடு இது.

இரண்டாவது கேடு மெல்ல வருவது. கனன்று கிடக்கும் தணலின் வெப்பம் 900 பாகை செல்சியசை அண்மிக்கும்போது, கல்சியம் காபனேற்றாகிய சுண்ணக்கல் காபனீரொட்சைட்டை இழந்து நீறாத சுண்ணாம்பாக மாறும். சுண்ணாம்புச் சூளையில் நிகழ்வதும் இதுவே. அவ்வாறு வெந்த கல்லின்மேல் மறுநாள் மழை பெய்தால் அது சூடேறிப் பொடிந்துவிடும். ஈரக்கையால் தொட்டால் கையைப் புண்ணாக்கும். ஆகவே, கிணற்றுக் கல்லும் முருகைக் கல்லும் தீக்குழிக்கு ஆகா. சீமெந்துக் கல்லும் வெப்பத்தில் வெடிக்கக்கூடியதாகையால் அதனையும் விலக்குதல் வேண்டும்.

இனி, அமைக்கும் முறையைக் கூறுவேன். கூரை, கிடுகு வேலி, வைக்கோற் போர் ஆகியவற்றிலிருந்து 20 அடியாவது விலகிய, மேலே மரக்கிளை கவியாத இடத்தைத் தெரிந்துகொள்க. ஒரு முளையடித்து, அதில் ஒன்றரை அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றினால் 3 அடி அகலமான வட்டம் கிடைக்கும். அதனை அரை அடி ஆழத்துக்கு வெட்டுக. அடியிற் கல் தென்பட்டால், அது மறையும்படி 4 அங்குலத்துக்கு உலர்ந்த செம்மண்ணை இட்டு இறுக்குக. கடற்கரை மணலை இடுதல் தகாது. அதிற் கலந்துள்ள சிப்பியும் சங்கும் கல்சியம் காபனேற்றே.

நன்றாக வெந்த செங்கற்களைக் குழியின் விளிம்பில் மூன்று வரிசையாக அடுக்குக. வரிசைக்கு 12 அல்லது 13 கல்லாக, 40 கல்லுக்குள் வேலை முடியும். பழைய கல்லாயின் ஒட்டியிருக்கும் சாந்தைத் தட்டி நீக்கிவிடுக. இடைவெளிகளைச் சீமெந்தால் அன்றி, வைக்கோல் நறுக்கிக் குழைத்த களிமண்ணால் அடைத்தல் வேண்டும். கீழ் வரிசையில் எதிரெதிரே இரண்டு இடங்களில் ஒவ்வொரு கல் அளவு வாயில் விடுக. அடியிலிருந்து காற்றுப் புகுந்தாலன்றித் தீ செவ்வனே எரியாது, புகையும் மிகும். ஒரு வாரம் காயவிட்டு, முதல் நாளிற் சிறு தீயே மூட்டுக. களிமண்ணில் வெடிப்புத் தோன்றின் அதே மண்ணால் மெழுகிவிடலாம்.

விறகு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். பச்சை மரத்தின் நிறையிற் பாதியளவு நீராகவே இருத்தல் கூடும். தீயின் வலிமை அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். பனைமட்டை, பொச்சுமட்டை, சிரட்டை, ஊமல் என நம் வளவு தரும் எரிபொருள்களே போதுமானவை. அலரி மரம் நஞ்சுடையது. அதன் புகையும் தீங்கு செய்யும். பொலித்தீன், வர்ணம் பூசிய பலகை என்பவற்றையும் தீயில் இடலாகாது. சோழகம் பலமாக வீசும் நாட்களில் தீ மூட்டாது விடுதலே அறிவுடைமை.

அருகில் ஒரு வாளி நீர் எப்பொழுதும் இருக்கட்டும். எழுந்து போகுமுன் தணலின்மேல் நீர் தெளித்து, கோலாற் கிளறி, மீண்டும் தெளித்தல் வேண்டும். குளிருக்காகத் தணலை வீட்டினுள்ளே கொண்டுசெல்வோரும் உளர். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் உறங்குவோரை அது கொன்றுவிடும். எவருக்கேனும் தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடித்து, பின்னர் வைத்தியரிடம் செல்க. பற்பசையும் எண்ணெயும் பூசுதல் கூடாது.

தைப்பொங்கலுக்கு முன்னர் என் தாயார் களிமண்ணைக் குழைத்து மூன்று அடுப்புக் கட்டிகள் செய்து வெயிலில் வைப்பார். கல் மலிந்த ஊரிலே மண்ணைத் தேடிப் போவானேன் என்று சிறுவயதில் நான் எண்ணியதுண்டு. அது புதுமைக்கும் தூய்மைக்குமான சடங்கு என்றே பின்னரும் கருதியிருந்தேன். தீயைத் தாங்குவது மண். கல்லன்று என்னும் அறிவும் அந்த வழக்கத்தினுள்ளே இருந்தது. காரணத்தைச் சொல்ல அவர் அறியார். காரணத்தை அறிந்திருந்த நான் அவரிடம் கேட்கவில்லை.

அன்றைய அடுப்பிற் சுண்ணாம்பாக வெந்திருந்த ஒரு துண்டை இறுக மூடிய போத்தலில் வைத்திருந்தேன். வகுப்பிலே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அதன்மேற் சிறிது நீர் விட்டேன்; சீறிச் சூடேறிப் பொடிந்தது. மாணவர்கள் இதனைத் தாமாகச் செய்துபார்த்தல் ஆகாது. "இந்தக் கல் எங்கே கிடைத்தது, சேர்?" என்று ஒருவன் கேட்டான். "உன் வீட்டு முற்றத்திலும் கிடைக்கும்" என்றேன்.

சென்ற தைப்பொங்கலுக்குக் கட்டி செய்யும் வேலையை என் இளைய மகன் ஏற்றுக்கொண்டான். மண் போதிய அளவு குழைந்ததா என்பதை அவன் என்னிடம் கேட்கவில்லை. அப்பாச்சியிடமே கொண்டுபோய்க் காட்டினான்.