தலைமாட்டுல கை வைக்காதீங்க!

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

போன செமஸ்டர் லீவுல எங்க தாத்தா ஐ.சி.யு.ல, வென்டிலேட்டர்ல இருந்தார். ‘மெக்கானிக்கல் படிக்கிறவன், மெஷினைப் பத்தி விசாரிச்சுட்டு வாடா’னு என்னை உள்ளே அனுப்பினாங்க. தாத்தா பாதி உட்கார்ந்த மாதிரி சாய்ஞ்சு கிடந்தார். பாவம், கழுத்து வலிக்குமேனு கட்டில் கைப்பிடியைச் சுத்தி தலைமாட்டை இறக்கிட்டேன்.

அவ்வளவுதான்! ஓடி வந்த சிஸ்டர், “ஏன் தம்பி, தாத்தாவுக்கு நிமோனியா வரணுமா?”னு ஒரு பிடி பிடிச்சுட்டாங்க.

விஷயம் இதுதான். தொண்டையில குழாய் இருந்தா சரியா இரும முடியாது. வாயில ஊறுற எச்சில், வயித்துலேர்ந்து மேலே வர்ற திரவம் எல்லாம் கிருமிகளோட குழாய் ஓரமா நுரையீரலுக்குக் கசியும். குழாய் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வர்ற இந்த நிமோனியாவுக்கு ‘வி.ஏ.பி.’னு பேர். காப்பாத்த வந்த குழாயே வில்லன் ஆகுற கதை! தலைமாட்டை 30லேர்ந்து 45 டிகிரி உசத்தினா இந்தக் கசிவு குறையும்.

‘டிகிரில என்ன பாஸ் இருக்கு’ங்கறீங்களா? ஸ்பெயின்ல, பார்சிலோனா டாக்டர்கள் 86 நோயாளிகளை வெச்சு ஆராய்ஞ்சாங்க. முடிவு 1999-ல ‘லான்செட்’ இதழ்ல வந்தது. மட்டமா படுத்திருந்த 47 பேர்ல 16 பேருக்கு நிமோனியா சந்தேகம். 45 டிகிரி சாய்ஞ்சிருந்த 39 பேர்ல மூணே பேருக்குத்தான்!

மத்த தடுப்பு வேலைகளும் சிம்பிள்தான். பிரஷ்ஷால தினமும் பல் தேய்ச்சு விடணும். நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும். முடிஞ்சவங்களுக்கு மயக்க மருந்தைத் தினமும் கொஞ்சம் நிறுத்தி, ‘தானா மூச்சு விடறாரா’னு டாக்டருங்க பார்ப்பாங்க. குழாய் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருதோ, அவ்வளவு நல்லது.

மின்னுற மானிட்டரையெல்லாம் ‘ஆ’னு பார்த்த நான், ஜாமென்ட்ரி பாக்ஸ் சமாசாரத்தைக் கோட்டை விட்டுட்டேன்!

நாளைக்கு உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது வென்டிலேட்டர்ல இருந்தா, கையைக் கழுவிட்டு உள்ளே போங்க. கட்டில் மட்டமா இருந்தா, “சிஸ்டர், தலைமாட்டை உசத்தலாமா?”னு தயங்காம கேளுங்க. நீங்களா உசத்தாதீங்க. முதுகெலும்புல அடிபட்டவங்க மாதிரி சிலருக்கு அது கூடாது.

தாத்தா இப்போ வீட்டுல, ஈஸிசேர்ல ஜம்முனு சாய்ஞ்சிருக்கார். எத்தனை டிகிரினு அளந்தாச்சு... சரியா 40!