வெளிமானுக்கு வெளி வேண்டும்

சென்னை மாநகரின் நடுவே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு எஞ்சியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடே அது. இத்தகைய இடத்தைக் காக்க விழைவோர் பலரும் முதலில் சொல்வது, 'மரம் நடுவோம்' என்பதே. அவ்விருப்பம் நல்லது; ஆயினும் எல்லா நிலத்துக்கும் அது பொருந்தாது என்பதே என் கருத்து.

கிண்டியில் வாழும் வெளிமானை எண்ணிப் பாருங்கள். பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. குறும்புல் படர்ந்த திறந்த நிலத்தில் மேய்ந்து, பகையைத் தொலைவிலேயே கண்டு, விரைந்தோடித் தப்பும் விலங்கு அது. அந்நிலத்தில் சீமைக்கருவேலம் பரவினாலும், நாமே நல்லெண்ணத்தோடு மரக்கன்றுகளை நட்டு நிரப்பினாலும் வெளிமானுக்கு நேர்வது ஒன்றே. புதர்க்காட்டிலும் புள்ளிமான் வாழ்ந்துவிடும், வெளிமானால் இயலாது. நாமோ புல்வெளியைத் 'தரிசு' என்றே அழைத்துப் பழகிவிட்டோம்!

தேனீக்களின் தேவை வேறு. மலைத்தேனீ உயர்ந்த கிளையில் ஒற்றைப் பேரடையைத் தொங்கவிடும். கொம்புத்தேனீ புதரின் சிறுகிளையில் கையகல அடை கட்டும். இந்தியத் தேனீ மரப்பொந்தின் இருளில் அடுக்கடுக்காய் அடைகளை அமைக்கும். கொசுத்தேனீக்கு ஒரு சிறு பொந்தே போதும். இனி, நகரப் பூங்கா ஒன்றை 'அழகுபடுத்தும்' பணியை நோக்குங்கள். புதர்கள் வெட்டப்படுகின்றன, பொந்துள்ள முதுமரம் ஆபத்தென்று சாய்க்கப்படுகிறது. மூவகைத் தேனீக்களின் வீடு அத்துடன் போயிற்று. எஞ்சிய மலைத்தேனீயின் அடையைத் தீயிட்டோ நஞ்சு தெளித்தோ அழித்துவிடுகின்றனர். பின்னர் அங்கே பூச்செடிகளை வரிசையாக நட்டு என்ன பயன்?

மலைத்தேனீயைக் கண்டு அஞ்சுவதில் தவறில்லை. கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே கேடு. ஆனால் அது பருவந்தோறும் இடம்பெயரும் இயல்புடையது. அடையின் கீழுள்ள நடைபாதையை அதுவரை அடைத்து வைத்தாலே போதும், கொல்ல வேண்டியதில்லை.

புங்கம், வேம்பு, நாவல் போன்ற மரங்களை நடுவதற்குத் தெருவோரங்களும் பள்ளி வளாகங்களும் இருக்கின்றன. ஆங்கே நடுவோம். பூங்காவிலோ, ஒரு பகுதியையேனும் வெட்டாமல், சருகு கூட்டாமல், இரவில் விளக்கிடாமல் விட்டுவைக்குமாறு மாநகராட்சியிடம் கேட்போம். அதனைக் கண்டு, 'பராமரிப்பே இல்லை' என்று புகார் எழுதுவோரும் இருப்பர். அவர்களை அழைத்துச் சென்று, கொசுத்தேனீ வந்துபோகும் அந்தப் பொந்தைக் காட்டலாம்.