கேமராவை மாற்றுவதற்கு முன்னால் கணக்கைப் போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

போன வாரம், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் ராஜபாளையத்தில் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மில்லில் ஷிஃப்ட் வேலை. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். போனை என் முன்னால் நீட்டி, "சார், இதத்தான் எடுக்கப் போறேன்" என்றான். ஃபுல் ஃப்ரேம் கேமரா, லென்ஸோடு 1,44,000 ரூபாய். 24 மாதத் தவணை, மாதம் 6,000. அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வருஷம் கல்லூரி.

"இருக்கிற கேமராவுக்கு என்னடா?"

"படம் கிளியரா வரமாட்டேங்குது சார். குரூப்ல எல்லாரும் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறிட்டாங்க."

அவனிடம் இருப்பது கேனான் 200டி. 24 மெகாபிக்சல். 18-55 லென்ஸ் ஒன்று, 55-250 ஒன்று. "உனக்குப் பிடிக்காமப் போன படம் அம்பதைக் காட்டு" என்றேன். இருவரும் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். கை ஆடியோ, ஆள் அசைந்தோ கலங்கியவை 29. ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்தவை 12. தூரத்தில் இருந்ததை வெட்டிப் பெரிதாக்கிக் கெட்டவை 7. கேமராவைக் குறை சொல்லக்கூடியவை மிச்சம் 2. அந்த இரண்டுக்கு ஒன்றரை லட்சமா?

இதைப் போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீட்டில் சொன்னேன். என் தங்கை மகன் சிரித்துக்கொண்டே, "மாமா, வாங்க முடியாதவங்க சொல்ற சமாதானம் இது" என்றான். மாப்பிள்ளைக்குப் பந்தியில் வைத்துப் பதில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு ரொம்ப நாள் ஆசை, அவன் சித்தப்பா கடையில் பால்கோவா கிண்டுவதைப் படம் எடுக்க வேண்டும் என்பது. விறகடுப்பு, புகை, ஒரே ஒரு பல்பு. 18-55 லென்ஸை 50-க்குத் திருகினால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/20 விநாடிக்கு இறங்கிவிடும். கரண்டி பிடித்த கை கலங்கத்தான் செய்யும்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864. அவன் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 22.3-க்கு 14.9, பரப்பு 332. வகுத்துப் பாருங்கள், 2.6 வரும். ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் அவ்வளவுதான். அதிலும், விலை குறைந்த ஃபுல் ஃப்ரேம் கேமராக்களோடு வரும் லென்ஸ்களில் சில எஃப் 6.3, 7.1 என்று இருட்டிப் போகின்றன. சென்சார் கொடுத்ததில் ஒரு பங்கை லென்ஸ் பிடுங்கிக்கொள்ளும்.

இப்போது, பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் கிடைக்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை எடுத்துக்கொள்வோம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 9.7. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். 1/20 விநாடி 1/200 ஆகிவிடும். கரண்டி கரண்டியாகத் தெரியும்.

மெகாபிக்சலுக்கும் இதே வாய்ப்பாடுதான். ஒன்பதாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது சொல்லியிருக்கிறேன். பரப்பு இரண்டு மடங்கானால் பக்கம் இரண்டு மடங்காகாது, 1.41 மடங்குதான். 24-லிருந்து 45 மெகாபிக்சலுக்குப் போனால் படத்தின் அகலம் 1.37 மடங்கு கூடும். 12-க்கு 8 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட 8.6 மெகாபிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பவா? அது எப்படியும் சுருக்கித்தான் அனுப்பப் போகிறது.

அடுத்தது அணில். 1988-லிருந்து நம் பக்கத்திலேயே சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் அந்த அணில் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். வனத்துறை அனுமதிக்கிற இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். அவனுடைய 250 எம்எம் லென்ஸ் சின்ன சென்சாரில் 400 எம்எம் போலத் தூரத்தை இழுத்துக் காட்டும். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும். பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டினாலும், புதிய கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, அடுத்த தவணை லென்ஸுக்கு.

"வட்டியில்லாத் தவணை" என்கிறார்களே, அதிலும் ஏமாறாதீர்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கை நிறையக் காசு கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. செயல்பாட்டுக் கட்டணம் என்று வேறு ஒன்று வரும். பெயர்தான் வேறு.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆன பணத்தில் நானும் ஒரு பெரிய கேமரா வாங்கினேன். வீட்டில் அவள் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது, "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாங்கினேன். கனமாக இருக்கிறது என்று நாலு தடவைக்கு மேல் வெளியே எடுக்கவில்லை. இரண்டு மழைக்காலம் பீரோவிலேயே கிடந்து லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது. அதனால் மாப்பிள்ளை, இது வாங்க முடியாதவன் சொல்கிற சமாதானம் இல்லை. வாங்கித் தப்புப் பண்ணினவன் சொல்வது.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணனைத் தெரியுமா? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். நம் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். 1970-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். வேறு வேறு கருவிகளின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்த கேமராவை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு. கடையில் இருக்கிறதே என்று வாங்காமல், தன் வேலைக்கு வேண்டியதைச் செய்துகொண்டார். யானையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது எந்தப் பெட்டியோடும் சேர்ந்து வருவதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பறக்கும் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், புதிய கேமராக்களில் உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். கல்யாணத்துக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் வாங்கட்டும், அது அவர்களுக்கு முதலீடு. கையில் உபரிப் பணம் இருந்தாலும் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? மகளின் கல்லூரிப் பணத்தைப் பொழுதுபோக்குக்குத் திருப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படித் திருப்பாதவன் கலைஞனே இல்லை என்று பேசுகிறவர்களை அதைவிட அதிகமாக எதிர்க்கிறேன். அவர்களில் யாரும் அவனுக்காகத் தவணை கட்டப் போவதில்லை.

பட்ஜெட்டில் இருப்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் கெட்ட படங்களை எண்ணிக் காரணம் கண்டுபிடியுங்கள். ஷட்டர் வேகத்தையும் ஃபோகஸ் புள்ளியையும் நீங்களே வைக்கப் பழகுங்கள், இது இலவசம். அடுத்து 50 எம்எம் லென்ஸ். நிக்கான் 3000, 5000 வரிசை வைத்திருப்பவர்கள் மோட்டார் உள்ள லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் தானாக ஃபோகஸ் ஆகாது. பிறகு ஆடாத ட்ரைபாட். கேமரா கடைசியில்தான். அதையும் பழையதாக வாங்கலாம். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். என்னைப் போல் பீரோவில் பூட்டாதீர்கள்.

அந்தப் பையனிடம் என் 50 எம்எம் லென்ஸைக் கொடுத்தனுப்பினேன். நேற்று ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் முன் படம் ஒன்று அனுப்பியிருந்தான். அடுப்பு வெளிச்சத்தில் சித்தப்பாவின் முகம், நெற்றி வேர்வை, கரண்டியிலிருந்து வழியும் பால்கோவா. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை. தவணை விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இதைப் படிப்பான் என்று தெரியும்.

டேய், லென்ஸை ஆடிப்பூரத் தேர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் "வாங்கு" பட்டனைத் தொடாதே.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: புதுக் கேமரா வாங்கட்டுமா சார் என்று கேட்கிறவர்கள், முதலில் ஐம்பது கெட்ட படங்களோடு வாருங்கள். நோட்டும் பேனாவும் நான் தருகிறேன்.