மூளையில் ரத்தக்கசிவு: பிழைத்த பிறகும் நீர் தேங்குவது ஏன்? ‘ஹைட்ரோகெபாலஸ்’ என்றால் என்ன?

“ரத்தக்கசிவை நிறுத்தியாச்சு, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது” என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே நிம்மதியாகும். ஆனால் சிலருக்கு அதன் பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கும். மூளைக்குள் நீர் தேங்கும் ‘ஹைட்ரோகெபாலஸ்’தான் அது.

மூளைக்குள் நீரா?

ஆமாம், எல்லோருக்கும் இருக்கிறது. மூளையின் உள்ளறைகளில் தினமும் சுமார் 500 மில்லி திரவம் சுரக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிதான். பழைய திரவம் அவ்வப்போது வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

ரத்தம் எப்படி அடைக்கிறது?

மூளையின் ரத்தக்குழாயில் பலூன் போல வீங்கிய ‘அனூரிசம்’ வெடித்தால், மூளையைச் சுற்றியுள்ள இந்தத் திரவத்தில் ரத்தம் கலக்கும். உறைந்த ரத்தம் வடியும் வழியை அடைக்கும். பின்னாளில் தழும்பும் ஏற்படலாம். ஆனால் சுரப்பது நிற்காது. சிங்க் அடைத்த பிறகும் குழாய் திறந்தே இருப்பது போலத்தான். பெரியவர்களின் மண்டை ஓடு விரியாது. அழுத்தம் முழுவதும் மூளை மீது விழும்.

அறிகுறிகள் என்ன?

சிலருக்கு முதல் 3 நாட்களுக்குள்ளேயே வாந்தி, அரைமயக்கம் வரும். சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து நடை தடுமாறும், ஞாபகம் குறையும், சிறுநீரை அடக்க முடியாது. “பெரிய ஆபரேஷன் ஆச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. நீர் தேங்கியிருக்கிறதா என்பதை சிடி ஸ்கேன் காட்டிவிடும்.

தீர்வு உண்டா?

உண்டு. அவசரத்துக்கு, தலையில் சிறு துளையிட்டு குழாய் மூலம் திரவத்தை வெளியே வடிப்பார்கள். தேக்கம் நீடித்தால் ‘ஷன்ட்’ பொருத்துவார்கள். தோலுக்கு அடியில் செல்லும் இந்தக் குழாய், கூடுதல் திரவத்தை பெரும்பாலும் வயிற்றுக்குள் கொண்டு சேர்க்கும். உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

எழுத்தாளர் கண்ட வால்வு

‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’ எழுதிய ரோல்ட் டாலின் கைக்குழந்தை தியோ, 1960-ல் நியூயார்க்கில் டாக்ஸி மோதி தலையில் அடிபட்டான். மூளையில் நீர் தேங்கியது. பொருத்திய ஷன்ட்டும் அடிக்கடி அடைத்தது. டால், பொறியாளர் ஸ்டான்லி வேட், மூளை அறுவை நிபுணர் கென்னத் டில் மூவரும் சேர்ந்து எளிதில் அடைக்காத வால்வை உருவாக்கினார்கள். அதற்குள் தியோ தேறிவிட்டான். வால்வு மற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

இன்றும் ஷன்ட் அடைபடலாம். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் திரும்ப வந்தால், “நாளைக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.