பால்காடு போனபின் பிள்ளைகள் எங்கே போவர்?

தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்திலேயே மரம் வெட்டிப் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. அவன் வெட்டுவதற்கு மரம் எங்கே இருக்கிறது? நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ், கெமஞ்சே என்று எத்திசை நோக்கினாலும், பால்மரம் நின்ற சரிவுகளில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. செம்பனையும் இல்லாத இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. நீலாய் வட்டாரத்தில் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் பெருகின. 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறந்தபின் இந்த மாற்றம் இன்னும் விரைந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு இது. இன்று எஞ்சியுள்ள ரப்பரிலும் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது.

ஆகவே தோழர்களே, கூலி உயர்வைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

தோட்டப் பள்ளிக்கூடம் யாரும் மனமிரங்கித் தந்த தர்மம் அல்ல. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்தது, பள்ளி எப்படி வந்தது? லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்தால் கத்தி பிடிக்க ஆள் கிடைக்காது என்பதே அன்றைய துரைமார் பலரின் கணக்கு. 1951-இல் பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் மட்டுமே போதனா மொழிகளாக இருக்கலாம் என்றபோது நம் சமுதாயம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1956-இல் ரஸாக் அறிக்கையும் 1957-இல் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. அன்று நாடெங்கும் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றிருபதுக்குச் சற்று மேல் உள்ளன. நம் மாநிலத்தில் 61. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் போயினர், பள்ளிகள் இணைக்கப்பட்டன, மூடப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பது ஒரு கடமை. அவற்றுள் என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்பது அதனினும் பெரிய கடமை.

புதிய உலகுக்குத் திறன் வேண்டும், திறன் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். திறன் என்றால் என்ன? கணினியைத் தட்டத் தெரிவது மட்டுமா? இல்லை. செய்கிற காரியத்தின் காரணத்தை அறிந்து, காரியம் மாறும்போது தானும் மாறத் தெரிவதே திறன் என்போம்.

நம் கண்முன் இருக்கும் உதாரணத்தையே பாருங்கள். பால்வெட்டுக்காரர் கோட்டை இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திச் சீவுகிறார். ஏன்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடவில்லை, சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இப்படிச் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். பாலில் அமோனியா விட்டால் உறையாமல் இருக்கிறது. பார்மிக் அமிலம் விட்டால் உறைந்துவிடுகிறது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மெட்ரோலாக் ஆழமாக இறங்குகிறது. உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் அப்பனின் வாளிக்குள்ளேயே இருக்கின்றன. இதைக் காட்டிப் பாடம் சொல்லும் ஆசிரியரிடம் படித்த பிள்ளை விஞ்ஞானத்தைக் கண்டு மிரளமாட்டான்.

கணக்குப் பாடமும் அப்படியே. ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு 32 பங்கு என்றால் 6 கிலோ 400 கிராம். 30 என்று எழுதிவிட்டால் 6 கிலோதான். ஒரு நாளைக்கு 400 கிராம். 25 நாள் வேலைக்கு 10 கிலோ. செக்ரோல் எழுதுகிற கிராணிகளாகிய நாங்களே இதைச் சொல்கிறோம்: விழுக்காடு தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக் கூலி எளிதில் குறையாது. கல்வி நாளைய உத்தியோகத்துக்கு மட்டுமல்ல, இன்றைய உரிமைக்கும் காவல்.

கிராணிமாரும் இதைத் தமக்கு வெளியே உள்ள விஷயமாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேரேடு எழுதிய காரியாலயத்தில் இன்று ஒரு கணினியும் ஒரு நாற்காலியும் போதும் என்கிறார்கள். பேனா பிடித்தவனுக்கும் கத்தி பிடித்தவனுக்கும் ஒரே புயல்தான்.

இனி ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் புதிய உலகுக்குத் தயார் செய்யச் சொல்கிறோம். ஆசிரியரைத் தயார் செய்தது யார்? 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் தோட்டப்புறங்களில் பல. மிகச் சிறிய பள்ளியில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கி ஒரே ஆசிரியர் நடத்துகிறார். 2003-இல் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் என்றார்கள். பின்னர் அத்திட்டத்தையே கைவிட்டார்கள். 2021-இல் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வந்தது. போதிய பயிற்சி வந்ததா? தேர்வுக்கு மட்டுமே பாடம் சொல்லிப் பழகிய ஆசிரியரைத் திடீரென்று சிந்திக்கக் கற்றுக்கொடு என்றால், அதைக் கற்றுக்கொள்ள அவருக்கும் நேரமும் வழியும் தரவேண்டாமா?

கருவி கொடுத்துவிட்டால் கல்வி வந்துவிடும் என்பது இன்னொரு மயக்கம். 2020 மார்ச்சில் நோய்த் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் விடை தெரிந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பல லயங்களில் அலைவரிசையும் கிடையாது. பின்னர் செர்டிக் நிதியின் வழி வசதி குறைந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் கொடுக்கத் திட்டமிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இணையம் எட்டாத லயத்தில், வழிகாட்ட ஆளில்லாத வீட்டில், கருவி வெறும் பலகையே.

"இவ்வளவு தொல்லை எதற்கு? மலாய்ப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே" என்பார் சிலர். மலாயும் ஆங்கிலமும் நம் பிள்ளைகள் நன்கு கற்கத்தான் வேண்டும்; அதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் காரணம் கேட்கப் பழகிய பிள்ளை மற்ற மொழிகளிலும் கேட்பான். தமிழ்ப் பள்ளி இருந்தால் போதும், தரம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்பாரையும் நாம் ஏற்கமாட்டோம். மொழிப்பற்று பிள்ளையின் எதிர்காலத்தை அடகு வைக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? நான்கு காரியங்கள்.

முதலாவது, அருகருகே உள்ள சிறு பள்ளிகள் விஞ்ஞானத்துக்கும் கணினிக்கும் தேர்ந்த ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளக் கல்வி இலாகா வழிசெய்யட்டும். பயிற்சி பள்ளி நேரத்திலேயே நடக்கட்டும்.

இரண்டாவது, 2001-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு நிறுவனச் சட்டம் 2021 மார்ச் முதல் தேதியிலிருந்து விவசாயத் துறைக்கும் விரிந்தது. பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் நிர்வாகம் அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்று தன் கையிலிருந்து வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் நம் பயிற்சிக்கு உரியது. நம் தோட்டத்தில் யாருக்கு, எந்தப் பயிற்சி கிடைத்தது? ஒவ்வொரு கிளையும் இந்தக் கேள்வியை எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கிளைச் சங்கக் கூடங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் திறக்கும் கட்டடங்களாக இருக்க வேண்டாம். மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கெரியட்டும். இணைய வசதி இருக்கட்டும். படித்த பிள்ளைகளும் கிராணிமாரும் சிறுவருக்குப் பாடம் சொல்லட்டும். இடைநிலைப் பள்ளியில் தடுமாறும் பிள்ளைக்குத் தொழில்திறன் சான்றிதழ் படிப்பு உண்டு என்பதும் அங்கே தெரியவரட்டும். மின்சார வேலையும் இயந்திர வேலையும் தாழ்ந்த படிப்பல்ல.

நான்காவது, பெற்றோர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்? மூன்றாம் பாரத்தோடு பையனை நிறுத்தித் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் இந்த மாதச் செலவு சரியாகும். அடுத்த முப்பது ஆண்டு?

1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாகியபோது, ஒற்றுமை நம் கூலியைக் காத்தது. அதே ஒற்றுமை இன்று நம் பள்ளியின் வாசலிலும் நிற்கட்டும். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. கடைசிப் பால்மரமும் சாய்வதற்குள் நம் பிள்ளைகள் கையில் வேறொரு கருவி இருந்தாக வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'பள்ளிக்கூடம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் தொடங்குங்கள்!