கரிசல் மண்ணும் பருத்தியின் நஞ்சும்

விதர்ப்பாவில் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கரிசல் புதிதன்று. மழைக்காலத்தில் செருப்பை விடாது பற்றும் அக்களி, வேறொன்றையும் அவ்வாறே பற்றிக்கொள்வதை இத்திங்கள் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

2002-ஆம் ஆண்டு நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் மரபுக்கூற்றை ஏற்ற அச்செடி, காய்ப்புழுவின் குடலைச் சிதைக்கும் புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. உதிரும் இலையோடும் மக்கும் வேரோடும் அப்புரதம் நிலத்தை அடைகிறது. பிறகு அது என்னாகிறது?

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டாட்ஸ்கி 1990-களில் இதனை ஆராய்ந்தார். களித் துகள்கள் மெல்லிய ஏடுகளை அடுக்கினாற் போன்றவை. ஒரு பிடிக் களியில் அடங்கிய பரப்போ மிகப் பெரிது. புரதம் அரைமணி நேரத்துக்குள் அப்பரப்பில் ஒட்டிக்கொண்டது. கழுவியும் பெரும்பகுதி பிரியவில்லை. ஒட்டியதை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க இயலவில்லை; புழுவைக் கொல்லும் ஆற்றலோ குன்றவில்லை. 1998-இல் வெளிவந்த ஆய்வின்படி, 234 நாள் கழித்தும் அவ்வாற்றல் எஞ்சியிருந்தது.

களிகளுள் மான்ட்மோரில்லோனைட் (வாயில் நுழைய மறுக்கும் பெயர்தான்!) மிகுதியாகப் பற்றும். நம் கரிசலில் மலிந்திருப்பது அதுவே. ஆயினும் உடனே அஞ்ச வேண்டுவதில்லை. புளிப்பு மண்ணில் நெடுநாள் நின்ற நஞ்சு, சுண்ணாம்பிட்டுப் புளிப்பை மாற்றியதும் விரைந்து குறைந்தது. நுண்ணுயிர்கள் அங்கு ஊக்கமாக இயங்குவதே காரணம் என்பர். கரிசலோ இயல்பிலேயே சுண்ணச் சத்துடையது.

அமெரிக்காவில் சில ஆண்டுகள் தொடர்ந்து இப்பருத்தி விளைந்த வயல்மண்ணில் அப்புரதம் தென்படவில்லை என 2002-இல் ஓர் அறிக்கை வந்தது. ஆராய்ந்தோர் விதையை ஆக்கிய நிறுவனத்தார் என்பதையும் குறித்துக்கொள்வோம். களி இறுகப் பிடித்ததை வடித்தெடுத்து அளத்தல் அரிது. ஆகவே, 'காணவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிடாது. அவர்கள் அம்மண்ணைப் புழுவுக்கு ஊட்டியும் பார்த்தனர். புழுவுக்குக் கேடு நேரவில்லை. நமக்கு நம்பிக்கை தருவது இப்பிந்திய சோதனையே.

யவத்மாளின் ஆழ்ந்த கரிசலுக்கும் இச்சோதனையே ஏற்றது. ஆனால் ஊட்டுதற்குரிய புழு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவாக இருத்தலாகாது. அது இந்நஞ்சுக்குப் பழகிவிட்டமையால், மண்ணில் நஞ்சிருந்தாலும் நலமாகவே நெளியும்.