ஓரெழுத்தில் ஒரு விடை



கைப்பேசியில் இன்று எழுத்துகள் தனித்தனியே நடமாடுகின்றன. 'சரி' என்பதற்கு ஆங்கிலக் 'கே'. 'நீ' என்பதற்கு 'யூ'. 'ஏன்' என்பதற்கு 'ஒய்'. மலாய்மொழியில் 'இல்லை' எனப் பொருள்படும் 'தாக்' என்னும் சொல்லுக்கு 'எக்ஸ்'. பிள்ளைகள் புலனத்தில் இவ்வாறு எழுதிக்கொள்வது மொழிக்கே கேடு என்று சிலர் முழங்குகின்றனர். அவ்வளவு கடுமை எனக்கு உடன்பாடன்று.

சுருக்கி எழுதுவது நமக்குப் புதிதன்று. பழைய கணக்கேடுகளில் ஆண்டு, மாதம், நாள், வரவு, பற்று, மேற்படி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது. மலாய்மொழியில் இரட்டித்து வரும் சொல்லை ஒருமுறை எழுதி, 2 என்னும் எண்ணைச் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமே அதனை முறையான எழுத்திலிருந்து விலக்கியது. நம் பெயருக்கு முன் நிற்கும் ஓரெழுத்தும் தந்தையின் பெயரைத்தானே தாங்கி நிற்கிறது!

கைப்பேசிச் சுருக்கத்திற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். முதற் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பரில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியில் உரோமன் எழுத்தானால் 160 அடங்கும். தமிழானால் 70 மட்டுமே. அதிலும் 'அப்பா' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கருவி ஐந்தாக எண்ணும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனிக்கணக்கு! தமிழெழுத்துள்ள கைப்பேசியே அந்நாளில் அரிது. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்தது. இன்று புலனத்தில் அந்த 70 என்னும் எல்லையும் இல்லை. நெருக்கடி நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை.

என் கவலை வேறு. செம்பனைக் குலை அறுக்கும் தந்தை ஒருவர் அண்மையில் கைப்பேசியோடு என்னிடம் வந்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நாளிதழைத் தடையின்றிப் படிப்பவர். நகரில் வேலைசெய்யும் மகனுக்கு, "காய்ச்சல் விட்டதா? மருந்து சாப்பிட்டாயா?" என்று தமிழில் எழுதியிருந்தார். வந்த விடை ஓர் ஆங்கில எழுத்து: 'கே'. "குணமாகிவிட்டது என்கிறானா, பிறகு பேசுகிறேன் என்கிறானா, ஐயா?" என்று கேட்டார். என்னாலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

தமிழிலும் ஓரெழுத்துச் சொற்கள் உண்டு. நன்னூல் அவற்றை 42 எனக் கணக்கிடுகிறது. தீ, பூ, கை, வா, போ, நீ ஆகிய ஒவ்வொன்றும் முழுச்சொல். எதிலிருந்தும் வெட்டி எடுத்த துண்டன்று. 'வா' என்றால் பாட்டிக்கும் விளங்கும், பேரனுக்கும் விளங்கும். 'கே' அத்தகையதன்று. அதன் மறுபாதியை அறிந்தவர்க்கே அது சொல். அறியாத தந்தைக்கு அது வெறும் கீறல். தோழர் தமக்குள் வைத்துக்கொண்ட குறியை வீட்டுக்குள் கொண்டுவந்தால், பெற்றவர்களே வெளியில் நிற்க நேர்கிறது.

ஆகவே தோழருக்குள் எப்படியும் எழுதிக்கொள்ளுங்கள். (தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் கைப்பேசி எதற்கு என்பது வேறு வழக்கு.) பயிற்சி நூலில் 'எக்ஸ்' வந்தால் மட்டும் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். பெற்றோர் சிலரும் எங்களுக்கு 'டி கியூ' என்று இரண்டெழுத்தில் நன்றி அனுப்புகின்றனர். மகிழ்ச்சியே, ஆயினும் 'நன்றி'க்கு மூன்றே எழுத்துதான்!

வெளியூரில் இருக்கும் அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும் இப்பக்கத்தைக் காட்டுங்கள். 'காய்ச்சல் விட்டது, அப்பா' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது.